இசக்கியம்மாளின் குளிர்

வினோதினியின் மூன்றாவது ஆய்வுக் கட்டுரையை ஒரு பெரிய சஞ்சிகை ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்த சித்திரை மாதத்து நண்பகலில், கரூரிலிருந்து திருச்சி போகும் சாலையோரப் பொட்டலில் நிற்கும் எங்கள் பொறியியல் கல்லூரியின் வெப்பவியல் ஆய்வகம், வெளியே நாற்பத்தொரு டிகிரி வெயில் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே இருபத்தேழு டிகிரிக்கு இறங்கியது. கல்லூரியின் டிரான்ஸ்ஃபார்மர் பங்குனியிலேயே வெடித்துப்போய், புதியது வாங்கும் கோப்பு ஒவ்வொரு மேசையிலும் தங்கித் தங்கி நடந்துகொண்டிருந்த காலம் அது. தினமும் பதினொன்றிலிருந்து நான்கு வரை மின்சாரம் கிடையாது. ஆய்வகத்து ஏசியோ அதற்கும் இரண்டு வருடம் முன்பே நின்றுபோய், அதற்குள் அணில் குட்டி போட்டிருந்தது. ஆகவே ஆய்வகத்தின் டெக்னீஷியன் ஆரோக்கியசாமி அண்ணன் பதறாமல், கேஸ் கசிவு தேடுகிறவரைப் போல வெப்பமானியைக் கையில் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார். ஜன்னல் பக்கம் முப்பத்தாறு, கரும்பலகைப் பக்கம் முப்பது, நடு மேசையில் இருபத்தேழு. கடைசியில் இசக்கியம்மாளின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அங்கே பதினெட்டு. பதிவேட்டைத் திறந்து, தேதி போட்டு, 'இசக்கி – 18.2' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து அவள் நாற்காலிக்கடியில் வைத்தார்.

இசக்கியம்மாள் அம்பாசமுத்திரத்துக்காரி. அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது, ஆராய்ச்சிப் படிப்பில் ஆறாவது வருடம். மின்சாரம் எட்டாத ஊர்களில் பால் கெடாமல் வைக்க, வெயிலையே எரிபொருளாக்கிக் குளிரை உண்டாக்கும் ஒரு பெட்டியைச் செய்வதுதான் அவள் ஆராய்ச்சி. மொட்டை மாடியில் வாங்கிய வெயில் அம்மோனியாவைக் கொதிக்க வைக்கும், அது குழாய்களில் ஓடி ஆறி, கீழே ஆய்வகத்திலிருக்கும் பெட்டிக்குள் இறங்கி அங்குள்ள சூட்டை உறிஞ்சிக்கொண்டு திரும்பும், பெட்டிக்குள் நான்கு டிகிரி நிற்கும். கணக்கில் நின்றது. பெட்டியில் நிற்கவில்லை. ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அது பத்தொன்பதுக்குக் கீழே இறங்கவில்லை. அவள் முடியிலிருந்த அம்மோனியா வாடை சீயக்காய் போட்டாலும் போகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் குழு கூடி, இன்னும் கொஞ்சம் ரீடிங் எடுக்கலாம் என்று சொல்லி முந்திரி பக்கோடா தின்றுவிட்டுக் கலைந்தது. சஞ்சிகைகள் அவள் கட்டுரைகளை ஒற்றை வரியில் திருப்பி அனுப்பின. கைடு பேராசிரியர் சந்தானம் நல்ல மனிதர்தான், ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் தன்னுடைய நூற்றிருபது விடைத்தாள்களை அவளிடம் திருத்தக் கொடுக்கும்போது மட்டும் அவள் பெயர் அவருக்குச் சட்டென்று ஞாபகம் வரும். ஊரில் கல்யாண வீடுகளில் யார் என்ன கேட்டாலும் அவள் அம்மா ஒரே பதிலைச் சொல்லிவந்தாள்: எம் மவ ஃப்ரிட்ஜ் செய்யுதா.

வினோதினி அவளுக்கு மூன்று வருடம் கழித்து வந்தவள். அறந்தாங்கிப் பெண், அப்பா மினி பஸ் ஓட்டுகிறவர். அதே கைடு, அதே ஆய்வகம், பெண்கள் விடுதியில் அதே அறை. அவள் பணக்கார வீட்டுப் பெண்ணாகவோ தலைக்கனம் பிடித்தவளாகவோ இருந்திருந்தால் இசக்கிக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும், ஒரு காரணம் கிடைத்திருக்கும், அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நிம்மதியாகப் பொருமியிருப்பாள். ஆனால் வினோதினி சாப்பிட்ட தட்டு இரண்டையும் சேர்த்துக் கழுவி வைக்கிறவள், அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள், காய்ச்சல் வந்தபோது இசக்கிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். அலுமினியத் தகட்டில் அரச இலையின் நரம்பைப் போலக் கோடு கீறி அதன்வழி சூட்டை வெளியேற்றிப் பார்த்தாள். முதல் நாளிலிருந்தே ரீடிங்குகள், கூப்பிட்ட நாய்க்குட்டி போல அவள் காலடியில் வந்து விழுந்தன. ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் இசக்கியம்மாளுக்கு நன்றி என்று ஒரு வரி எழுதினாள். அந்த வரிதான் இசக்கியை வேறெதையும்விட அதிகமாகக் குத்தியது.

இதையெல்லாம் இசக்கியே பிற்பாடு என்னிடம் சொன்னாள். நான் பக்கத்து அறையில் அதிர்வியல் ஆய்வகத்தில் இருந்தேன், விடுதியிலும் அதே வராந்தா. வினோதினி வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவளுக்கு நல்லது நடந்ததா இல்லையா என்று தனக்குத் தெரிந்துவிடும் என்றாள். ஒருமுறை வினோதினியின் பம்ப் எரிந்துபோனபோது, அன்று தான் இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டதாகவும், மறுநாள் காலையில் அந்த வெட்கம் தாங்காமல் தன்னுடைய பம்பைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்ததாகவும், அந்தப் பம்பில் எடுத்த ரீடிங்கில்தான் மூன்றாவது கட்டுரை பிறந்ததாகவும் சொன்னாள்.

குளிர் வந்த இரண்டாம் நாள் கேன்டீன் மாரிக்கண்ணு அக்கா மோர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். மூன்றாம் நாள் விடுதி மெஸ்ஸின் பால் பாக்கெட்டுகள் வந்தன. நான்காம் நாள், சர்க்கரை நோய்க்காரர்களின் இன்சுலின் குப்பிகளை இதுவரை தினமும் ஐஸ் பெட்டியில் வைத்துக் கரூருக்கும் கல்லூரிக்குமாகப் பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்த சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபமணி, இசக்கியின் மேசைக்கடியில் மருந்துப் பெட்டியை வைத்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனார். வாசலில் பூக்கட்டுகிறவர் மல்லிகைப் பந்துகளை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். பகலில் விடுமுறை கிடைத்த பெண்களெல்லாம் புத்தகமும் தலையணையுமாக வந்து அவளைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள், யார் எவ்வளவு நேரம் எவ்வளவு நெருக்கத்தில் உட்காரலாம் என்று விடுதிச் செயலாளர் ஒரு பட்டியல் போட்டுக் கதவில் ஒட்டினாள். பருவத் தேர்வு வந்ததும் துறைத்தலைவர் சுற்றறிக்கை விட்டார்: ஆய்வு மாணவி செல்வி இசக்கியம்மாள், தேர்வு நாட்களில் தேர்வுக்கூடத்தின் நடுவில் அமர்ந்து தம் பணியைத் தொடரலாம். அப்படியே அவள் நடுவில் அமர்ந்தாள், அவளைச் சுற்றி இருநூறு பிள்ளைகள் வேர்க்காமல் தேர்வு எழுதினார்கள், அந்த வருடம் வெப்ப இயக்கவியல் தாளில் தேர்ச்சி விகிதம் கூடியது. எப்படி இது நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பொறியியல் கல்லூரியில் வேலை செய்கிற எந்திரத்தை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.

ஏன் நடக்கிறது என்பதை மட்டும் ஆரோக்கியசாமி அண்ணன் கண்டுபிடித்தார். இரண்டு மூன்று நாளில் குளிர் தானாகத் தணியும், பால் புளிக்கத் தொடங்கும், மறுபடி திடீரென்று இறங்கும். அவர் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தத் தேதியில் இறங்கியது, அன்று யாருக்கு என்ன வந்தது என்று பக்கத்தில் பென்சிலால் குறித்துப் பார்த்தார். வினோதினிக்குக் கட்டுரை. மூன்றாம் மாடி சுபத்ராவுக்கு நிச்சயதார்த்தம். இசக்கியோடு சேர்ந்து படிப்பில் சேர்ந்த ஒருவனுக்கு உதவிப் பேராசிரியர் வேலை. அவர் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பதிவேட்டைத் திறந்த வாக்கில் கேன்டீன் மேசையில் வைத்துவிட்டு டீ வாங்கப் போனார், அவ்வளவுதான்.

மாரிக்கண்ணு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் வயிறு எரியும், இந்தப் புள்ளைக்குக் குளிருது. மகராசி," என்றார். அதில் கேலி இல்லை. வரம் வாங்கி வந்தவளைப் பற்றிப் பேசுகிற குரல் அது.

அதன்பிறகு எல்லோரும் இசக்கியிடம் நல்ல சேதி கொண்டுபோகத் தொடங்கினோம். தற்செயலாகச் சொல்வதுபோல, பேச்சோடு பேச்சாக, மோரை எடுக்க வந்தவள் மோரை எடுத்துக்கொண்டே தன் அக்காவுக்கு அமைந்த மாப்பிள்ளையைப் பற்றி, பாலை வைக்க வந்தவர் தன் மச்சான் கட்டிய மாடி வீட்டைப் பற்றி. எது எவ்வளவு குளிரும் என்பதுகூட எங்களுக்கு அத்துப்படியாகிவிட்டது. முன்பின் தெரியாதவர்களின் அதிர்ஷ்டம் அரை டிகிரிகூட இறக்காது. வயதில் மிகவும் மூத்தவர்களுடையதும் பயனில்லை. அவள் வயதுக்காரர்கள், அவள் படித்த படிப்பைப் படித்தவர்கள், அவளைவிட ஒரு பிடி குறைவாக உழைத்தவர்கள், அவர்களுடைய சேதிதான் எலும்புவரை இறங்கும். நானும் கொண்டுபோனேன். என் தம்பிக்குக் கனடாவில் வேலை கிடைத்த சேதியை ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, கத்திரி வெயில் உச்சத்திலிருந்த ஒரு நண்பகலில் அவளிடம் போய்ச் சொல்லிவிட்டு, அவள் காலடியில் தலையணை போட்டு ஒரு மணிநேரம் தூங்கினேன்.

இசக்கிக்கு எல்லாம் தெரியும். முதலில் அவளுக்கு அது பிடித்தும் இருந்தது, ஆறு வருடத்தில் முதல்முறையாக அவள் வராத நாளை மற்றவர்கள் கவனித்தார்கள். ஆனால் வைகாசி பிறந்தபோது அவள் உதடு நாவல்பழம் தின்றதுபோல நீலம் பாய்ந்திருந்தது. மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, விரல் மடங்காமல், பேனாவைக் குழந்தை பிடிப்பதுபோல முழுக்கையால் பிடித்து எழுதினாள். சோறு வாய்க்குப் போவதற்குள் ஆறிவிட்டது. அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டால் இரண்டு வார்த்தைக்குள் குளிரில் போன் அணைந்துபோகும். ஒருநாள் வராந்தாவில் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"எல்லாரும் சேதி கொண்டு வாராங்க. நீ எப்படி இருக்கேன்னு ஒருத்தி கேக்கல, பாத்தியா."

நான் அப்போதும் கேட்கவில்லை.

வினோதினிக்கு விஷயம் புரிந்தபோது அவள் தன் நல்லதையெல்லாம் ஒளிக்கத் தொடங்கினாள். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினாள். ஒரு மாநாட்டில் பரிசு கிடைத்ததை வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் சான்றிதழைத் துணிக்கடியில் வைத்தாள். ரீடிங் சரியாக வரும் நாட்களில் உச் கொட்டினாள். உடனே ஆய்வகம் முப்பதுக்கு ஏறியது, பால் திரிந்தது, ஜெபமணி மறுபடி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். மெஸ்காரர்களும் பூக்காரரும் வினோதினியைத் தனியாகப் பிடித்து, உனக்கு ஏதாவது நல்லது நடக்கவில்லையா தாயி, நடந்தால் மறைக்காதே, எத்தனை பேருக்கு உபகாரம், என்று கெஞ்சினார்கள். அவள் அழுதுகொண்டே ஆய்வகத்துக்குப் போய், அக்கா எனக்குப் பரிசு கிடைச்சிருக்கு என்று சொன்னாள். இசக்கி, சந்தோசம்ட்டி, என்றாள். பதினாறு டிகிரி. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் பிற்பகல் கைடு சந்தானம் ஆய்வகத்துக்கு வந்து, இசக்கியின் பெட்டியைச் சுற்றி நடந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெகு பிரியமாக ஒன்று சொன்னார்: "ஆறு வருஷம் ஆச்சேம்மா. வினோதினிகிட்ட ஒரு தடவ காட்டிப் பாரேன். அவ கை வெச்சா வந்துரும்."

அவர் போனபிறகு இசக்கி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள். பிறகு, விழாமலிருக்க ஏதாவது வேண்டும் என்பதுபோல, தன் பெட்டியின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். ஜன்னல் கண்ணாடியில் பனி பூத்தது. மேசைக்கடியில் மோர் கட்டியாக உறைந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் பற்கள் கிடுகிடுக்கத் தலையணையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். பெட்டிக்குள் இருந்த உணர்கருவியின் எண், பத்தொன்பது, பதினைந்து, பத்து என்று ஆறு வருடம் இறங்காத படிகளையெல்லாம் ஒரே மூச்சில் இறங்கி, நான்கில் வந்து நின்றது.

அது பெட்டியின் குளிர் இல்லை, தன் குளிர் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொண்டேதான் மூன்று நாள் பெட்டியின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்தாள். கைடு சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தால் போதும், எண் அசையாமல் நின்றது. அட்டவணை நிறைந்தது. சந்தானம் அதைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். இரண்டே நாளில் கட்டுரை எழுதப்பட்டது, பதினெட்டே நாளில் ஏற்கப்பட்டது, அதுவும் வினோதினியின் மூன்று கட்டுரைகளை ஏற்ற சஞ்சிகைகளைவிடப் பெரிய சஞ்சிகையில்.

அன்று இசக்கி சந்தோஷமாக இருந்தாள். அல்வா வாங்கி வந்து வராந்தா முழுக்கக் கொடுத்தாள், அம்மாவிடம் அரைமணி நேரம் போனில் பேசினாள், போன் அணையவில்லை. அன்று மாலையே பாலெல்லாம் திரிந்தது. மல்லிகை கறுத்தது. ஒரு வாரமாக யார் என்ன சேதி கொண்டுபோனாலும் அவள் சிரித்த முகமாக, அப்படியா, என்றாள், வெப்பமானி முப்பத்தேழில் உட்கார்ந்துகொண்டது. அல்வாவைத் தின்ற வாயோடு நாங்கள் அவளைப் பற்றி முணுமுணுத்தோம். ஒரு பெண்ணுக்கு நல்லது நடந்தால் இத்தனை பேருக்குக் கஷ்டமா என்று மெஸ்ஸில் ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் ஆமாம் என்றோம்.

ஆனால் அவ்வளவு பெரிய ரீடிங்கை ஆய்வுக் குழு சும்மா விடுமா. அவர்களுக்கு நேரில் பார்க்கவேண்டும். வெளியூரிலிருந்து திலகவதி என்ற மூத்த பேராசிரியர் வந்து பார்வையிடுவார் என்று நாள் குறித்தார்கள். இசக்கியின் சந்தோஷம் அந்தக் கடிதத்தோடு முடிந்தது, ஆனால் பயம் வந்ததே ஒழியக் குளிர் வரவில்லை. பொறாமைப்பட அவளுக்கு நேரம் இல்லை. பெட்டி பழையபடி பத்தொன்பதில் நின்றது. கைடு சொன்ன வாக்கியத்தை நூறுமுறை சொல்லிப் பார்த்தாள், அது தேய்ந்துபோயிருந்தது. குறித்த நாளுக்கு முந்தின பிற்பகல் அவள் என்னிடம் வந்து, ரீடிங் எப்படி வந்தது என்பதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, நாளைக்கு என் மானம் போவும், என்றாள்.

நான் செய்தது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் நேராகக் கேன்டீனுக்குப் போய் மாரிக்கண்ணு அக்காவிடம் சொன்னேன்.

மறுநாள் காலை பத்தரை மணிக்குத் திலகவதி அம்மா வந்தார். பருத்திச் சேலை, தோளில் ஜோல்னாப் பை, நெற்றி முழுக்க வியர்வை. பெட்டிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, தன்னுடைய வெப்பமானியைப் பெட்டிக்குள் வைத்து, நேரம் குறித்துக்கொண்டார். இசக்கி பக்கத்தில் நின்றாள். அப்போது வராந்தாவில் வரிசை நின்றது. கல்லூரியில் அவளால் குளிர்ந்த அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து, பெரியவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, இசக்கியிடம் தங்கள் சேதியைச் சொன்னார்கள்.

மாரிக்கண்ணு அக்காவின் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தது. நர்ஸ் ஜெபமணிக்கு வேண்டிய ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. சுபத்ராவுக்குக் கல்யாணத் தேதி குறித்தாயிற்று. சேதி இல்லாதவர்கள் இட்டுக்கட்டினார்கள். பூக்காரர் தனக்குச் சென்னையில் கடை கிடைத்திருப்பதாகச் சொன்னார். கல்யாணமே ஆகாத வாட்ச்மேன் தன் மகன் கலெக்டராகிவிட்டான் என்று விறைப்பாக நின்று சொன்னார். அதைக் கேட்டு இசக்கி சிரித்துவிட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் நாங்கள் எங்கள் புழுக்கத்துக்காகச் சேதி கொண்டுபோனோம், அன்று அவளுக்காகக் கொண்டுபோனோம், அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாரிக்கண்ணு அக்காவிடம் மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்டாள். சுபத்ராவிடம் சேலை எடுத்தாயிற்றா என்று கேட்டாள். திலகவதி அம்மாவின் வெப்பமானி இறங்காமல், இருபதைத் தொட்டு இருபத்தொன்றுக்கு ஏறியது.

கடைசியாக வினோதினி வந்தாள். கையில் ஒரு கடிதம். ஜெர்மனியில் ஒரு ஆய்வுக்கூடம் தன்னை ஒரு வருடத்துக்கு அழைத்திருப்பதாகவும், அங்கே தனக்கென்று ஒரு தனி அறையும் இரண்டு உதவியாளர்களும் தருவதாகவும் வாசித்தாள். கண் கலங்க, குரல் நடுங்க வாசித்தாள். நாங்கள் எல்லோருமே மனசுக்குள் அவளைப் பாராட்டினோம், என்னமாய் இட்டுக்கட்டுகிறாள் என்று. இசக்கி சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தைத் தொட்டு, "போதும்ட்டி," என்றாள்.

பிறகு அவள் திலகவதி அம்மாவின் முன்னால் வந்து நின்று, பதிவேட்டைத் திறந்து அந்த மூன்று நாள் பக்கத்தைக் காட்டினாள்.

"இந்த நாலு டிகிரி மெஷின் குடுத்தது இல்ல மேடம். நான் குடுத்தது. இவ மேல எனக்கிருந்த பொறாமை அது. மெஷினுக்குப் பத்தொம்பதுதான்."

திலகவதி அம்மா பதிவேட்டைப் பார்த்தார், வாசலில் கூடியிருந்த எங்களைப் பார்த்தார், இன்னும் நீலம் மாறாத அவள் உதட்டைப் பார்த்தார். இப்படிப்பட்ட ரீடிங்குகளை அவர் முன்பும் பார்த்திருக்க வேண்டும். வெப்பமானியை எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும், இன்னும் ஒரு வருடம் ஆய்வு தொடரவேண்டும் என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். சந்தானம் அன்றிலிருந்து இரண்டு மாதம் அவளிடம் பேசவில்லை. விடைத்தாள்களைக்கூட அனுப்பவில்லை.

டிரான்ஸ்ஃபார்மரின் கோப்பு கடைசி மேசையைத் தாண்டியது அந்த வாரத்தில்தான். ஐந்து ஆட்கள் வந்து ஒரே நாளில் மாட்டிவிட்டுப் போனார்கள். மின்விசிறிகள் சுற்றின, மோர்ப் பானை கேன்டீனுக்குத் திரும்பியது, மருந்துப் பெட்டி சுகாதார நிலையத்துக்குத் திரும்பியது, கதவில் ஒட்டிய பட்டியலை யாரோ கிழித்துக் கடலை மடித்தார்கள். இசக்கி வராந்தாவில் போனால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவள் பெட்டியின் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டு, பத்தொன்பது ஏன் பத்தொன்பதாகவே நிற்கிறது என்று முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.

ஆனி நடுவில் வினோதினி, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, கொஞ்ச நாள் வீட்டோடு இருந்து வருகிறேன் என்று சொல்லி அறையைக் காலி செய்தாள். நானும் இசக்கியும் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு கரூர் பஸ் நிலையம்வரை போனோம். உச்சிவேளை, தகரக் கூரையின் கீழ் அனல் குமைந்தது. நாங்கள் அறந்தாங்கிப் பக்கம் போகும் பஸ்ஸைத் தேட, வினோதினி சென்னை பஸ்ஸின் முன்னால் பையை இறக்கி வைத்தாள். இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்கு நான் வாசிச்சது நெசக் கடிதம்க்கா."

இசக்கி சென்னை பஸ்ஸின் பெயர்ப்பலகையை ஒருமுறை படித்தாள். பிறகு, "எத்தனாம் தேதி ப்ளைட்டு?" என்றாள்.

"பதினெட்டு."

"அன்னைக்கே ஏன் சொல்லல, இது நெசம்னு?"

"நீங்க என் கன்னத்தத் தொட்டீங்க. என் சேதிக்கு நீங்க சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். அத வச்சுக்கலாம்னு இருந்துட்டேன்."

முதலில் என் பாதத்தில்தான் தெரிந்தது. சிமெண்டுத் தரை செருப்பைத் தாண்டிக் குளிர்ந்தது. சோடாக்காரரின் பாட்டில்களில் முத்து முத்தாக நீர் பூத்தது. நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னல்கள் வரிசையாக மங்கின. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, ஏன் எதற்கு என்று கேளாமல், மரநிழலுக்கு நகர்கிறவளைப் போல இசக்கியின் பக்கம் நகர்ந்து நின்றாள். வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர் கூடையை இழுத்து அவள் காலடியில் வைத்தார். மூட்டைகளோடு கிழவர்களும், டிபன் பாக்ஸோடு ஆலைக்குப் போகிற பெண்களும் வந்தார்கள், கொஞ்ச நேரத்தில் பஸ் நிலையத்தின் பாதிப்பேர் எங்களைச் சுற்றி நின்று, சட்டைக் காலரைத் தளர்த்தி, அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். நடுவில் அவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். இசக்கி கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

"விடுட்டி. ஒன் கை வெறச்சுப் போவும்."

வினோதினிக்குப் பல் தந்தியடித்தது. அவள் விடவில்லை. இன்னொரு கையையும் கொண்டுவந்து மேலே வைத்து மூடிக்கொண்டாள். அப்படியே, டிரைவர் ஏறி உட்கார்ந்து, மங்கிய கண்ணாடியைத் துண்டால் துடைத்து, இரண்டுமுறை ஹாரன் அடிக்கும்வரை நின்றாள். பிறகு சிவந்து கன்றிப்போன கைகளால் பைகளை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

இசக்கி ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, "நல்லபடியாப் போயிட்டு வா. அங்க உள்ளவங்கள விட நல்லா செஞ்சு காட்டு," என்றாள். அதை அவள் மனசாரச் சொன்னாள், பக்கத்தில் நின்ற நான் சத்தியம் செய்வேன். சொல்லும்போதே இன்னும் இரண்டு டிகிரி இறங்கியது.